சொந்த வீட்டில் ஒரு மாத விருந்து

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் என் மச்சான் கனகராஜ். மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள். ஆனால் முதல் இடம் அவனுக்குத்தான். அதை யாரும் அவனிடமிருந்து பறிக்க முடியாது.

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பின்னேரம் மூன்று மணிக்கு நான் என் வீட்டில் இருக்க வேண்டும்.

அவ்வளவுதான். மூட்டை தூக்க வேண்டாம். பைலோடு கந்தோர் கந்தோராக அலைய வேண்டாம். வீட்டில் இருந்தால் போதும். பேங்கிலிருந்து ஒருவர் வருவார். நான் அங்கே குடியிருக்கிறேனா என்று பார்ப்பார். போய்விடுவார்.

பூனைகூடச் செய்கிற வேலை. அதை நான் கெடுத்தேன்.

எப்படி என்று சொல்கிறேன்.

எனக்குக் கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் ஒரு மில் இருக்கிறது. மிளகாய், மல்லி, அரிசி அரைத்துக் கொடுப்பேன். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து ஐந்தாம் வகுப்போடு இறங்கி வந்தவன். அன்றிலிருந்து தும்மிக்கொண்டே சம்பாதித்தேன். சம்பாதித்ததில் பாதி வீட்டு வாடகைக்குப் போனது. ஒவ்வொரு வீட்டுக்காரனும் வருடம் பிறந்தால் வாழ்த்துச் சொல்ல வருவான், போகும்போது வாடகையைக் கூட்டிவிட்டுப் போவான்.

அறுபது தாண்டிய பிறகு எனக்கு ஒரு புத்தி வந்தது. கெலிஓயாவில் சரிவில் கட்டிய ஒரு வீடு விலைக்கு வந்தது. ஒரே வீடு, மூன்று குடும்பம் இருக்கலாம். ரோட்டு மட்டத்தில் மேல் வீடு. பக்கவாட்டுப் படியில் இறங்கினால் நடு வீடு. இன்னும் இறங்கினால் கீழ் வீடு. மேலும் கீழும் ஏற்கனவே ஆட்கள் வாடகைக்கு இருந்தார்கள். நடு வீடு காலி.

என் கணக்கு இதுதான். பேங்கில் கடன் எடுத்து வீட்டை வாங்குவது. நடு வீட்டில் நானும் மனைவியும் இருப்பது. மேல் வாடகையும் கீழ் வாடகையும் மாதத் தவணையைக் கட்டும். எனக்கு மேலேயும் கீழேயும் இருக்கிறவர்கள் எனக்கு வீடு வாங்கித் தருவார்கள். இத்தனை வருடம் நான் மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்த மாதிரி.

இந்தக் கணக்கை நான் மனைவி செல்வமணியிடம் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இது ஒங்களுக்கா தோணுச்சா, யாராச்சும் சொன்னாங்களா?"

இந்த மாதிரி மரியாதைதான் எனக்கு வீட்டில்.

பேங்கில் கடன் பார்க்கிற ஐயா நல்ல மனிதர். சிங்களவர். பொறுமையாகப் பேசுவார். அவர் சொன்னதை எல்லாம் நான் தமிழில்தான் எழுதுகிறேன்.

"ரெண்டு விதமான கடன் இருக்கு. நீங்க அந்த வீட்டுல குடியிருந்தா அது வீட்டுக் கடன். வட்டி குறைவு. நீங்க குடியிருக்காம மூணையும் வாடகைக்கு விட்டா அது வியாபாரம். வட்டி கூட. கடன் கொடுத்த ஒரு மாசத்துக்குள்ள நான் வந்து பார்ப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பவும் வருவேன்."

"குடியிருப்பேன்ங்க. அதுக்குத்தானே வாங்குறேன்."

"சந்தோஷம். இல்லைன்னா வட்டியை மாத்திருவோம்."

அந்தக் கூடின வட்டியைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வாடகையும் போதாது. நடு வீட்டையும் வாடகைக்கு விட்டால்தான் சரியாக வரும். விட்டால் நாங்கள் எங்கே இருப்பது? வாடகை வீட்டில். அதாவது சொந்தமாக மூன்று வீடு வைத்துக்கொண்டு நான்காவது வீட்டில் வாடகைக்கு இருக்க வேண்டும். கண்டியில் அப்படி ஒரு முட்டாள் இதுவரை இல்லை. முதலாமவனாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது கனகராஜுக்கு வருகிறேன்.

என் வயதுக்குத் தனியாகக் கடன் தர மாட்டார்களாம். மாதச் சம்பளம் வாங்குகிற ஒருவர் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கனகராஜ் என் மனைவியின் தம்பி. அரசாங்கக் கந்தோரில் கிளாக். கேட்டதும் உடனே ஒத்துக்கொண்டான்.

"அக்காவுக்குச் செய்யாம யாருக்கு அத்தான் செய்யப்போறேன்? நாளைக்கே போடுறேன்."

ஆனி மாதம் பிறந்து ஒன்றிரண்டு நாள் இருக்கும். மறுநாள் போன் பண்ணினேன்.

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை அத்தான்."

அடுத்த நாள் பண்ணினேன்.

"அஷ்டமி அத்தான். கடன் பத்திரத்துல அஷ்டமியில கைவச்சா அது முடியவே முடியாது."

"சரி, நாளைக்கு?"

"நாளைக்கு நவமி."

பிறகு கரிநாள் வந்தது. பிறகு அவனுக்குச் சந்திராஷ்டமம். பிறகு நல்ல நாள் வந்தது, அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு மனிதன் ஒரு மாதத்தில் இத்தனை கெட்ட நாளை எப்படிக் கண்டுபிடிக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பஞ்சாங்கத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவன் கந்தோரில் பைல்களை அதில் பாதியாவது பார்த்தால் நாடு முன்னேறிவிடும்.

ஆனி முடிகிற கிழமையில் ஒரு நல்ல நேரம் பார்த்து வந்து கையெழுத்துப் போட்டான். வேர்வையைத் துடைத்துக்கொண்டான். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது அத்தான்" என்றான்.

வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயருக்கு மாறியது. பேங்க் காசைக் கொடுத்தது. சாவி என் கைக்கு வந்தது. அன்றைக்கு ஆடி முதலாம் தேதி.

நான் சாவியை மனைவியிடம் நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"ஆடியில யாராச்சும் குடிபோவாங்களா?"

"செல்வமணி, பேங்க் ஐயா ஒரு மாசத்துக்குள்ள வருவாரு."

"அவரு வரட்டும். ஆவணி பொறக்கட்டும், பால் காய்ச்சிட்டுப் போவோம்."

"ஆவணி வரைக்கும் எங்க இருக்கிறது? பழைய வீட்டுக்காரன் மகனுக்குக் கல்யாணம். அவன் நேத்தே ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பிச்சிட்டான். நம்ம திரைச்சீலையிலயும் அடிச்சிட்டான்."

"எங்க வேணும்னாலும் இருக்கலாம். புது வீட்டுல ஆடியில கால் வைக்க மாட்டேன். எங்க பெரியம்மா ஆடியில குடிபோயி, ஆறு மாசத்துல பெரியப்பா கீழ விழுந்து இடுப்பு ஒடஞ்சுது."

"ஒங்க பெரியப்பா எதுக்கு விழுந்தாருன்னு புசல்லாவைக்கே தெரியும். கசிப்பு குடிச்சிட்டு விழுந்தாரு."

"குடிச்சது எந்த வீட்டுல இருந்து போயி?"

முப்பத்தைந்து வருடமாக இந்த இடத்தில்தான் எனக்குப் பதில் முடியும்.

கனகராஜ் வீட்டுக்குப் போகலாம் என்றாள். போனால் பேங்க் ஐயா வந்து காலி வீட்டைப் பார்ப்பார், வட்டி ஏறும். போகாவிட்டால் ரோட்டில் நிற்க வேண்டும். சாமான் ஏற்றின லொறியோடு அன்றைக்குக் கெலிஓயாவில் ரோட்டோரம் உண்மையாகவே நின்றோம். என் வீட்டுக்கு முன்னால், என் சாவியோடு, என் அலுமாரியோடு, உள்ளே போக முடியாமல். மழை தூறியது. லொறிக்காரன் மீட்டர் பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் மேல் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு டீச்சர் வந்தார்.

பவானி டீச்சர் யாழ்ப்பாணத்து ஆள். இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். கணவருக்கு வவுனியாவில் வேலை, மாதம் ஒரு தடவை வந்து போவார். மனைவி குடையைப் பிடித்துக்கொண்டே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆடியைச் சொன்னாள், பெரியப்பா இடுப்பைச் சொன்னாள், என் புத்தியையும் சொன்னாள்.

டீச்சர் கேட்டுவிட்டு யோசித்தார்.

"அக்கா, ஆடியில குடிபோகக் கூடாது. சரி. விருந்துக்குப் போகலாம்தானே?"

"விருந்துக்கு என்ன, தாராளமாப் போகலாம்."

"அப்ப எங்கட வீட்டில விருந்தாளியா வந்து நில்லுங்கோ. முன் அறை சும்மாதான் கிடக்கு. நீங்கள் குடி வரேல்லை, என்னட்ட வந்திருக்கிறியள். ஆவணி பிறக்கக் கீழ இறங்கிப் போங்கோ."

மனைவி முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்து, "பாத்தீங்களா, படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றாள்.

நானும் சந்தோஷப்பட்டேன். மேல் வீடும் என் வீடுதானே. என் உறுதியில்தானே இருக்கிறது. எந்த அறையில் படுத்தாலும் என் கூரைக்குக் கீழேதான் படுக்கிறேன். பேங்க் ஐயா வந்தால் ஆளையும் காட்டலாம், பாயையும் காட்டலாம்.

அலுமாரியையும் கட்டிலையும் கீழ் வீட்டு நசார் நானா தன் விறாந்தையில் வைத்துக்கொண்டார். கெலிஓயாவில் சப்பாத்துக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாது.

"மொதலாளி, ஊட்ட வாங்கிட்டு விருந்துக்குப் போறது நான் இப்பத்தான் பாக்கிறேன்."

இப்படித்தான் என் சொந்த வீட்டில் நான் விருந்தாளி ஆனேன்.

விருந்தாளியாக இருப்பது லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். சட்டை மாட்ட ஓர் ஆணி அடிக்கப் போனேன். மனைவி சுத்தியலைப் பிடுங்கினாள்.

"விருந்துக்கு வந்த எடத்துல ஆணி அடிப்பாங்களா?"

"இது என் சுவரு."

"ஆவணிக்கு அப்புறம் ஒங்க சுவரு. இப்ப டீச்சர் சுவரு."

சமைக்கிற குசினியில் குழாய் ஒழுகியது. டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, வீட்டுக்காரர் எண்ட முறையில கேக்கிறன், இந்தக் குழாயை எப்ப மாத்தித் தாறியள்?"

நான் எழுந்தேன். மனைவி கண்ணைக் காட்டினாள். விருந்தாளி குழாய் மாற்றக் கூடாதாம்.

"ஆவணியில மாத்தித் தாறேன் டீச்சர்."

"அதுவரைக்கும் தண்ணிக் காசை ஆர் கட்டுறது?"

வீட்டுக்காரன் என்ற முறையில் நான்தான் கட்டினேன். காசு கட்டும்போது மட்டும் நான் வீட்டுக்காரன். மற்ற நேரமெல்லாம் விருந்தாளி. காலையில் தேத்தண்ணி வர எத்தனை நேரமானாலும் வாயைத் திறக்க முடியாது. டீவியில் டீச்சர் என்ன போடுகிறாரோ அதைத்தான் பார்க்க வேண்டும். மனைவிக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு விருந்துக்கு நான் அவளைக் கூட்டிப்போகவில்லையாம்.

ஆடி கடைசி வாரத்தில் பேங்க் ஐயா போன் பண்ணினார். மறுநாள் பின்னேரம் மூன்று மணிக்கு வருகிறாராம்.

இங்கேதான் எனக்கு இரண்டாவது தடவை புத்தி வந்தது. முதல் தடவை வந்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

வாடகைக்காரர் வீட்டில் நான் படுத்திருப்பதைப் பார்த்தால் பேங்க் ஐயா என்ன நினைப்பார்? கேள்வி கேட்பார். கேள்வி வந்தால் ஆடி வரும், பெரியப்பா வருவார். அதைவிட நேராக நடு வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டால் என்ன? மனைவிக்குத்தான் ஆடி. எனக்கு வட்டி.

"நீ மேலயே இரு," என்றேன். "அவர் ஏதாச்சும் கேட்டா, 'அவரைக் கேளுங்க'ன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

"நான் எதுக்குப் பேசுறேன்?" என்றாள்.

இரண்டரை மணிக்கு நசார் நானாவிடம் ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்கிக்கொண்டு நடு வீட்டைத் திறந்து உள்ளே போனேன். வெறும் சுவர். ஒரு பல்புகூட இல்லை. நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். பழைய பத்திரிகை ஒன்றை விரித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு யோசனை. சொந்த வீட்டுக்காரன் கதவை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? கதவு சாத்தியிருக்க வேண்டும். ஐயா தட்ட வேண்டும். நான் மெதுவாக எழுந்துபோய்த் திறந்து, "ஓ, நீங்களா, வாங்க" என்று சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் கதவைத் தட்டியவன் நான். ஒரு தடவையாவது என் கதவை ஒருவர் தட்டி நான் திறக்க வேண்டும் என்று ஆசை.

கதவைத் தள்ளிச் சாத்தினேன்.

ஒரு மாத மழை குடித்த கதவு அது. பூட்டிக் கிடந்தபோது ஊதியிருக்கிறது. நான் பலமாகத் தள்ளியபோது சட்டத்துக்குள் போய் இறுகிவிட்டது. திறந்து பார்க்கலாம் என்று கைப்பிடியை இழுத்தேன். கைப்பிடி மட்டும் வந்தது.

போன் மேல் வீட்டில் சார்ஜில் இருந்தது.

பரவாயில்லை, ஐயா வந்து வெளியிலிருந்து தள்ளினால் திறந்துவிடும் என்று நினைத்து, கைப்பிடியை இடுப்புச் சாரத்தின் மடிப்பில் சொருகிக்கொண்டு, மறுபடியும் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தேன்.

ஐயா மூன்று மணிக்குச் சரியாக வந்தார். ஆனால் ரோட்டு மட்டத்தில் இருக்கிற கதவைத்தானே முதலில் தட்டுவார். மேல் வீட்டுக் கதவைத் தட்டினார். டீச்சர் டியூஷன் கொடுக்கப் போயிருந்தார். கதவைத் திறந்தது செல்வமணி.

என் தலைக்கு மேலே பேசினார்கள். ஜன்னல் வழியாக ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"இது மில் மொதலாளி வீடுதானே?"

"ஆமாங்க."

"நீங்க யாரு?"

"நான் அவரு சம்சாரம்."

அது வரைக்கும் சரி. நான் பத்திரிகையில் ஒரு பக்கம் திருப்பினேன்.

"அப்ப நீங்க இந்த வீட்டுலதான் குடியிருக்கீங்க?"

அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆடி மாதத்தில் 'ஆமாம், குடியிருக்கிறேன்' என்று அவள் வாயால் சொன்னால் அதுவே குடிவந்த மாதிரி ஆகிவிடும். பெரியப்பா இடுப்பு அவள் கண்முன்னால் வந்திருக்கும்.

"இல்லைங்க. நாங்க இங்க விருந்துக்கு வந்திருக்கோம்."

பேனா எழுதுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது போல இருந்தது.

நான் பாய்ந்து எழுந்து கதவை உதைத்தேன். மறுபடி உதைத்தேன். ஜன்னல் பக்கம் ஓடி, "ஐயா, நான் இங்க இருக்கேன், கீழ வாங்க" என்று கத்தினேன்.

"கீழே யாரு சத்தம் போடுறது?" என்று ஐயா கேட்டார்.

"அவருதாங்க," என்றாள் செல்வமணி. "கதவு தொறக்கத் தெரியலை போல இருக்கு. புது எடம்தானே."

ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுப் படியில் இறங்கி வந்தார். கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. ஜன்னலுக்கு வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நான். எனக்குப் பின்னால் ஒரு காலி அறை, அதன் நடுவில் ஒரு கதிரை.

"வாங்க ஐயா," என்றேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நீங்க இங்கேயா குடியிருக்கீங்க?"

"ஆமாங்க."

"படுக்கிறது?"

"மேலேங்க."

"சமைக்கிறது?"

"மேலதாங்க."

"அலுமாரி, கட்டில் எல்லாம்?"

"கீழேங்க. நசார் நானா விறாந்தையில."

"அப்ப இங்க என்ன செய்றீங்க?"

யோசித்தேன். "உக்காருவேங்க," என்றேன்.

இதற்குள் நசார் நானா சத்தம் கேட்டுப் படியேறி வந்துவிட்டார். என்னைக் கம்பிக்குள் பார்த்ததும் வாயைச் சாரத்தால் பொத்திக்கொண்டார்.

"மொதலாளி, ஒங்கள ஊட்டுக்குள்ள யாரு போட்டுப் பூட்டினது? பேங்க்காலயா?"

ஐயா சிரிக்கவில்லை. அவருக்கு என்மேல் கோபம்கூட இல்லை, வருத்தம்தான். "ஒங்களை நம்பித்தானே நான் எழுதிக் கொடுத்தேன்" என்கிற மாதிரி பார்த்தார். அது கோபத்தைவிட மோசம்.

அந்த நேரத்தில்தான் கனகராஜ் வந்தான். அக்காதான் மத்தியானமே போன் பண்ணியிருக்கிறாள், பேங்கிலிருந்து ஆள் வருகிறார், வந்து பேசு என்று. கந்தோர் உடுப்போடு, கழுத்தில் கந்தோர் அட்டையோடு, படியில் இறங்கி வந்தான். என்னை ஒரு தரம் பார்த்தான். ஐயாவைப் பார்த்தான். தான் கையெழுத்துப் போட்ட கடன் என்பது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். குரலை உயர்த்தினான்.

"சேர், இதுல ஒண்ணும் பயப்பட வேண்டியதில்லை. இவங்க ஏமாத்துற ஆளுங்க இல்லை. இப்ப இங்க இல்லையே தவிர, ஆவணி பொறந்ததும் கட்டாயம் குடி வந்துருவாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

ஐயா குறித்துக்கொண்டார்.

"இப்போ இங்க இல்லை," என்று அவர் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"கனகராஜ்," என்று நான் கம்பி வழியாகச் சொன்னேன், "கொஞ்சம் கிட்ட வா."

அவன் கிட்ட வரவில்லை. அவன் கிளாக்தான், ஆனால் அவ்வளவு முட்டாள் இல்லை.

ஐயா பைலை மூடினார். "மன்னிக்கணும். வட்டியை மாத்தத்தான் வேணும். வியாபாரக் கடன்தான் இது" என்றார்.

மேலே படியில் நின்ற செல்வமணியைப் பார்த்தேன். அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஒரே வீட்டைத்தான் நினைத்தோம். திரைச்சீலையில் பெயின்ட் அடித்த அந்தப் பழைய வீட்டை. அந்த மாதிரி ஒன்றுக்குத்தான் திரும்பவும் போக வேண்டும். எனக்கு அறுபத்து நான்கு வயது.

அப்போது படிக்கு மேலே டீச்சரின் குரல் கேட்டது. டியூஷன் முடிந்து வந்திருக்கிறார். நசார் நானா இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னார். டீச்சர் கைப்பையைக்கூட வைக்காமல் இறங்கி வந்தார். அவருக்குச் சிங்களம் அவ்வளவு வராது. தமிழில்தான் ஆரம்பித்தார், நசார் நானா மொழிபெயர்த்தார்.

"இவை இங்க இருக்கேல்லை எண்டு ஆர் சொன்னது? ஒரு மாசமா என்ரை முன் அறையில இவைதான் இருக்கினம். என்ரை குசினியில சமைக்கினம். ஐயா விடிய வெள்ளன எழும்பித் தும்முறது ரோட்டுக்குக் கேக்கும்."

"அது விருந்துன்னு அந்த அம்மா சொல்றாங்களே," என்றார் ஐயா.

"விருந்து எண்டால் ரெண்டு நாள், மூண்டு நாள். ஒரு மாசம் விருந்தோ? வாடகைக்கு எடுத்த வீட்டில பாதியை வீட்டுக்காரரே வச்சிருக்கிறார். அதாலதான் இந்த மாச வாடகையில பாதியைக் கழிச்சுக் குடுத்தனான்."

இது எனக்குப் புதுச் செய்தி.

மாதத் தொடக்கத்தில் டீச்சர் பாதி வாடகைதான் தந்தார். மிச்சம் சம்பளம் வந்ததும் வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விருந்தாளியாக இருந்துகொண்டு எப்படிக் கேட்பது என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இவர் கழித்தேவிட்டாராம். எங்களை வா வா என்று கூப்பிட்டு, குழாய்க்குத் தண்ணீர்க் காசும் வாங்கிக்கொண்டு, விருந்துக்கு அரை மாத வாடகையைப் பிடித்திருக்கிறார். கணக்கு டீச்சர் என்றால் சும்மாவா.

நான் வாயைத் திறந்தேன். ஐயா எனக்கு முந்திக்கொண்டார்.

"இவங்க சொல்றது உண்மையா? நீங்க இருக்கிறதுக்காகப் பாதி வாடகையை விட்டுக் கொடுத்தீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இல்லை, அந்தப் பாதி எனக்கு வர வேண்டிய பாக்கி என்று சொன்னால், நான் அங்கே குடியிருக்கவில்லை. வட்டி ஏறும். ஆமாம் என்று சொன்னால், அந்தப் பாதி போய்விட்டது. என் வாயால் நானே அதைக் கொடுத்தவனாகிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் ஒரு காசை நான் இவ்வளவு மெதுவாக விட்டதில்லை.

"ஆமாங்க," என்றேன். "விட்டுக் கொடுத்தேன்."

"மொதலாளி விட்டுக் குடுத்தாரா?" என்றார் நசார் நானா. அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஐயா பைலை மறுபடி திறந்தார்.

"நான் எத்தனையோ வீடு பார்த்திருக்கேன்," என்றார். "கட்டில் காட்டுவாங்க, சட்டி பானை காட்டுவாங்க. அதெல்லாம் பக்கத்து வீட்டுல இரவல் வாங்கிக் காட்டலாம். வாடகையை விட்டுக் கொடுத்துக் காட்டினவங்களை நான் பார்த்ததில்லை. குடியிருக்காத எவனும் அதைச் செய்ய மாட்டான். வீடு ஒரே உறுதியிலதான் இருக்கு. நீங்க எந்த மாடியில படுத்தாலும் பேங்குக்கு ஒண்ணுதான்."

எழுதினதை வெட்டிவிட்டு வேறு எழுதினார். போகும்போது செல்வமணியிடம் ஒன்று சொன்னார். அவர் வீட்டிலும் நல்ல நேரம் பார்க்காமல் அவருடைய அம்மா வாசல்படி தாண்ட மாட்டாராம். "முதல்லயே இதைச் சொல்லியிருந்தா நான் ஆவணியில வந்திருப்பேனே" என்றார்.

முதலிலேயே சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பேங்குக்கு ஆடி தெரியாது என்று நினைத்தேன். அது என் படிப்பு.

ஐயா போன பிறகு நசார் நானா தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். கதவு மட்டும் திறக்கவில்லை, சட்டமும் கூடவே வந்தது. அதைச் சரிசெய்யவும் ஆவணி வரை பொறுக்க வேண்டும் என்றாள் செல்வமணி.

கனகராஜ் என் கைக்கு எட்டாத இடத்தில் நின்று, "எப்படியோ நான் வந்து பேசினதுல காரியம் முடிஞ்சுது அத்தான்" என்றான். அக்கா அவனுக்குத் தேத்தண்ணியும் கொடுத்து, பஸ் காசும் கொடுத்து அனுப்பினாள். பஸ் காசு என் சட்டைப் பையிலிருந்து போனது.

ஆவணி பிறந்தது. பால் காய்ச்சினோம். பால் நன்றாகப் பொங்கியது. நடு வீட்டுக்குக் குடிவந்தோம். சுவரில் ஆணி அடித்தேன். மேல் வீட்டுக் குழாயை மாற்றிக் கொடுத்தேன். மாற்றி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டேன்.

"டீச்சர், அந்தப் போன மாச வாடகையில மிச்சப் பாதி..."

"எந்தப் பாதி ஐயா?"

"பேங்க் ஐயா முன்னால நீங்க சும்மா சொன்னீங்களே, கழிச்சதா."

"நான் சும்மா சொல்லேல்லை. நீங்களும்தானே ஓம் எண்டு சொன்னனீங்கள். இப்ப அந்தப் பாதியைத் தாறன். தந்தால் நீங்கள் ஆடியில இங்க இருக்கேல்லை எண்டுதானே அர்த்தம்? அந்த ஐயா வருஷா வருஷம் வருவார். கேட்டால் நான் என்ன சொல்ல?"

செல்வமணி கீழேயிருந்து கூப்பிட்டாள். "என்னங்க, டீச்சர்கிட்ட என்ன பேச்சு? மேல போயி ஒரு மாசம் சாப்பிட்டது மறந்து போச்சா?"

நான் இறங்கி வந்துவிட்டேன்.

ஆகவே இப்போதைக்கு நான் அதைக் கேட்க முடியாது. பேங்க் கடன் முடிகிற வரைக்கும் கேட்க முடியாது. ஆனால் கேட்காததால் அது இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கடன் முடிந்த மறுநாள் காலையில், முகம் கழுவுவதற்கு முன்பே, மேல் வீட்டுக் கதவைத் தட்டுவேன்.